வருகைப் பதிவில் ஒரு ராஜினாமா

இளவேனில் தன் வேலையை ராஜினாமா செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வகுப்பறையில், மாணவர்களின் வருகையைப் பதிவு செய்து முடித்த கையோடு. செய்தது அவளுக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை பூங்கொத்து வந்தபோதுதான் தெரிந்தது.

பூங்கொத்தைக் கொண்டுவந்தவள் மமதா. நவபிரக்ஞா பல்கலைக்கழகத்தில் ஆட்களைச் சேர்ப்பதும் அனுப்புவதும் அவள் பிரிவின் வேலை. மற்ற இடங்களில் அந்தப் பிரிவுக்கு எச்.ஆர். என்று பெயர், இங்கே 'மனித அனுபவ மையம்'. மமதா பெங்களூர் ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆபீசில் ஆங்கிலம் என்று பழகியதில், பதற்றமாகப் பேசும்போது மூன்றும் ஒரே வாக்கியத்தில் முட்டிக்கொண்டு வரும்.

"பேஜார் பண்ணிக்காதீங்க மேடம். நீங்க போறது எங்களுக்கு தும்பா லாஸ், ரொம்ப லாஸ்" என்று சொல்லிப் பூங்கொத்தை நீட்டினாள்.

இளவேனில் திரும்பிப் பின்னால் பார்த்தாள். ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை.

"யார் போறாங்க மமதா?"

"நீங்கதான் மேடம்."

"நான் எங்க போறேன்?"

"அதத்தான் நானும் கேக்கணும். எக்ஸிட் இன்டர்வியூல மூணாவது கேள்வியே அதுதான். வேற காலேஜா, கம்பெனியா, ஃபாரினா?"

"நான் எங்கயும் போகலியே!"

"'இன்னும் முடிவு செய்யவில்லை'ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு மேடம். அத டிக் பண்ணிடறேன்."

நடந்தது இதுதான். நவபிரக்ஞாவில் எல்லாக் காரியங்களும் 'சாரதி' என்ற இணையதளம் வழியாகத்தான் நடக்கும். விடுப்பு எடுக்க, மார்க்கர் பேனா வாங்க, மின்விசிறி ஓடவில்லை என்று புகார் சொல்ல, ஓடிவிட்டது என்று நன்றி சொல்ல, எல்லாவற்றுக்கும் சாரதி. திங்கட்கிழமை இரவு அதைப் புதுப்பித்திருந்தார்கள். அதுவரை வலது மேல் மூலையில் 'லாக் அவுட்' என்று ஒரு பொத்தான் இருந்தது. வேலை முடிந்ததும் அதை அழுத்திவிட்டு எழுந்து போகலாம். புதுப்பித்த பிறகு அதே மூலையில், அதே நீல நிறத்தில், 'எக்ஸிட்' என்று இருந்தது. இளவேனில் அழுத்தினாள். 'உங்கள் பயணம் எங்களுக்கு மிகவும் மதிப்புள்ளது. நிச்சயமாக வெளியேற விரும்புகிறீர்களா?' என்று திரை கேட்டது. வகுப்பு முடிந்துவிட்டது, அடுத்த வகுப்பு வேறு மாடியில், லிஃப்ட் ஓடவில்லை. 'ஆம்' என்று அழுத்திவிட்டு மாடிப்படியை நோக்கி ஓடினாள்.

அந்தப் பொத்தான் சாரதியிலிருந்து வெளியேறுவதற்கானது அல்ல, பல்கலைக்கழகத்திலிருந்தே வெளியேறுவதற்கானது.

இதில் இளவேனிலுக்கு அதிகமாக வலித்தது ஒன்று உண்டு. அவள் அந்தப் பல்கலைக்கழகத்தில் மூன்று பாடங்கள் நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு நிறுவனம் தகவலை எப்படிச் சேர்த்துவைக்கிறது என்பது ஒன்று. மனிதர்கள் கணினியோடு எப்படிப் புழங்குகிறார்கள் என்பது இன்னொன்று. இவை இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படி முடிவெடுப்பது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் மூன்று பேர் இருந்த காலம் உண்டு. ஒருவர் கனடா போய்விட்டார், இன்னொருவர் சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்துவிட்டார், பாடங்கள் மட்டும் எங்கும் போகாமல் அவள் தலையில் வந்து விழுந்தன. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நடத்தியது இரண்டாவது பாடம். "ஒரு பொத்தான அழுத்துற ஆளு என்ன நடக்கும்னு நெனைக்கிறாரோ, அதுதான் நடக்கணும். நடக்கலைன்னா தப்பு அந்த ஆளோடது இல்ல, பொத்தான வச்சவனோடது" என்று முழுதாக ஒரு மணி நேரம் சொல்லிவிட்டுத்தான் போய் அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தாள்.

பூங்கொத்தை மேசையில் வைத்துவிட்டு டீனைப் பார்க்க ஓடினாள். பாதி வழியில் கைப்பையை மறந்தது நினைவுக்கு வந்து திரும்பினாள். அடையாள அட்டையைக் காட்டியும் ஆசிரியர் அறைக் கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து மமதாதான் திறந்துவிட்டாள்.

"கைப்பைய எடுத்துக்கோங்க மேடம். பொக்கே மறந்துட்டீங்க, அதையும் எடுத்துக்கோங்க."

டீன் யூஜின் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் குடும்பம். தங்கமான மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். முடிவெடுக்கும் கலையைப் பற்றி அவர் எழுதிய தடித்த புத்தகம்தான் இளவேனில் நடத்திய மூன்றாவது பாடத்துக்குப் பாடநூல்.

"உக்காரும்மா. டீ சாப்பிடறியா, காபியா? வேணாம், நீ யோசிச்சுச் சொல்லு, அவசரமில்ல" என்றார்.

அவள் நடந்ததைச் சொன்னாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி முழுவதையும் கேட்டார். அவர் கண்ணில் உண்மையாகவே ஈரம் தெரிந்தது.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. உன்ன மாதிரி ஒரு டீச்சர் எங்களுக்குக் கிடைக்காது."

"அப்ப அந்த ராஜினாமாவ ரத்து பண்ணிடுங்க சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

டீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"லுக் மா. நான் முப்பது வருஷமா டிசிஷன் மேக்கிங் சொல்லிக் குடுக்கறேன். ஒரு முடிவு எடுக்கறதுல எத்தன ஆபத்து இருக்குன்னு எனக்குத் தெரியற மாதிரி இந்த கேம்பஸ்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டே நான் அதச் செய்ய முடியுமா? டைரக்டரப் பாரு. சிஸ்டம் அவர் கன்ட்ரோல்ல இருக்கு."

டைரக்டர் சஞ்சய் டிஜிட்டல் மாற்றங்களுக்கான தலைவர். சேலத்துக்காரர். அவர் அறையில் நாற்காலிகள் கிடையாது. உட்கார்ந்தால் சிந்தனை உட்கார்ந்துவிடும் என்பது அவர் கொள்கை. உயரமான மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டே வரவேற்றார். இளவேனில் பூங்கொத்தோடு நின்றாள்.

"வாங்க மேடம்! உங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன். எக்ஸிட் அனுபவம் எப்படி இருந்துச்சு? ஸ்மூத்தா இருந்துச்சா?"

"ரொம்ப ஸ்மூத் சார். எனக்கே தெரியல."

"அதுதான் எங்க டிசைன்!" அவர் முகம் மலர்ந்தது. "முன்னல்லாம் ஒருத்தர் ராஜினாமா பண்ணணும்னா ஏழு ஸ்க்ரீன் தாண்டணும். பாதிப் பேர் மனசு மாறி நின்னுடுவாங்க. எவ்ளோ ஃப்ரிக்‌ஷன் பாருங்க! இப்ப ரெண்டே கிளிக்."

"ஆனா லாக் அவுட் இருந்த எடத்துல அத வச்சிருக்கீங்களே சார்."

"லாக் அவுட்ங்கறது நெகட்டிவ் வார்த்தை மேடம். நம்மள யாரோ வெளிய தள்ளிப் பூட்டற மாதிரி இருக்கு. அதனால 'பயணத்தை நிறுத்தி வை'ன்னு மாத்தி, உங்க போட்டோவுக்குக் கீழ, அந்த மூணு புள்ளிக்குள்ள, 'என் நலம்'னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுக்குள்ள வச்சிருக்கோம்."

"அப்ப நேத்து, முந்தாநாள் எல்லாம் மத்த வாத்தியாருங்களும் அழுத்தியிருப்பாங்களே?"

"அதுதான் சுவாரசியம். நானூறு பேருல உங்களத் தவிர ஒருத்தரும் அழுத்தல. ஏன்னா வேற யாரும் லாக் அவுட்டே பண்றதில்ல. அப்படியே திறந்து போட்டுட்டுப் போயிடறாங்க. பாதுகாப்புக்காக தினமும் லாக் அவுட் பண்ணுங்கன்னு நான் ஒரு சர்க்குலர் அனுப்பினேன். அதப் படிச்சது நீங்க ஒருத்தர்தான் போலிருக்கு." அவர் நெகிழ்ந்துபோய் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கள மாதிரி யூசர்ஸ இழக்கறது எங்களுக்குக் கஷ்டம்தான்."

ராஜினாமாவைத் திரும்பப் பெற என்ன வழி என்று கேட்டாள். சாரதியில் அதற்கு வழி இல்லை என்றார். திரும்பப் பெறும் வசதி வேண்டுமென்று இதுவரை எந்த ஊழியரும் விண்ணப்பிக்கவில்லை. இப்போது அவள் விண்ணப்பிக்கலாமே என்றால், அவள் ஊழியர் இல்லை.

சாயங்காலம் ஈஜிபுராவில் தன் அறைக்கு வந்து, ஆரணியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"நீயா உட்டியா, அவங்களா அனுப்பினாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"நானேதாம்மா. ஆனா எனக்குத் தெரியாம."

அதற்கு அம்மா, "சாப்ட்டியா?" என்றாள்.

ஒரு விதத்தில் பார்த்தால் இளவேனில் அப்படியே விட்டிருக்கலாம். பெங்களூரில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சனிக்கிழமை காலையே மாணவி கிருத்திகா போன் செய்தாள். இளவேனிலின் வழிகாட்டுதலில் இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் பதினோரு பேரில் அவள் ஒருத்தி. சாலையைக் கடக்க நடைபாதை சிக்னல் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பவர்கள் எவ்வளவு நேரம் வரை அதை நம்புகிறார்கள் என்பது அவள் ஆராய்ச்சி. வெயிலில் நின்று நின்று முகம் கறுத்துப்போயிருந்தாள்.

"மேடம், எங்களுக்கு மெயில் வந்துருக்கு. கைடு வேலைய விட்டுட்டதால எங்க புராஜெக்ட் செல்லாதாம். அடுத்த வருஷம் முதல்லேர்ந்து செய்யணுமாம். எனக்கு ஜூன்ல வேலைக்குச் சேரணும் மேடம். நீங்க எங்ககிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லலியே!"

குரல் உடைந்துவிட்டது. அந்த ஒரு வாக்கியம் இளவேனிலைத் தூங்கவிடவில்லை. இந்தப் பதினோரு பேருக்காவது இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

திங்கட்கிழமை அவளுக்கே ஒரு மெயில் வந்தது. சாரதி அனுப்பியது. இளவேனில் என்ற பேராசிரியர் விலகியதால் மூன்று பாடங்கள் காலியாக இருப்பதாகவும், அந்தப் பாடங்களுக்கு மிகப் பொருத்தமான வெளி நிபுணர் யார் என்று தேடியதில் இளவேனில் என்பவர் தொண்ணூற்றொன்பது சதவீதம் பொருந்துவதாகவும், கௌரவ விருந்தினராக வந்து வகுப்பெடுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. மீதி ஒரு சதவீதம் என்னவென்று விசாரித்தபோது, 'இந்த நிறுவனத்தின் சூழலோடு பழக்கமில்லை' என்று மமதா படித்துக் காட்டினாள்.

மாணவர்களுக்காக ஒப்புக்கொண்டு போனாள். வாசலில் காவலாளி வழக்கம்போல வணக்கம் சொல்லிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக நிறுத்தினார்.

"யாரப் பாக்கணும் மேடம்?"

"என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும் மேடம். ஆனா விசிட்டர்னா யாரையாவது பாக்கணும்."

கிருத்திகாவின் பெயரைச் சொன்னாள். உள்ளே விட்டார்.

விருந்தினர் வாழ்க்கை எப்படியிருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. நான்கு வருடம் ஊழியராக இருந்தபோது அவள் காபி குடித்தது காகிதக் கோப்பையில், அதுவும் இயந்திரத்துக்குச் சில்லறை போட்டு. விருந்தினருக்குப் பீங்கான் கோப்பையில், பிஸ்கட்டோடு வந்தது. நான்கு வருடமாக ஓடாத வகுப்பறைப் புரொஜெக்டரை விருந்தினர் வருகிறார் என்று காலையிலேயே சரிசெய்திருந்தார்கள். டீன் யூஜின் வகுப்புக்கே நேரில் வந்து அவளை மாணவர்களுக்கு அறிமுகம் செய்து, சால்வை போர்த்தி, "இவங்கள மாதிரி ஒருத்தர் நம்ம பெர்மனன்ட் ஸ்டாஃபா இருந்தா எவ்ளோ நல்லாருக்கும்" என்று நெகிழ்ந்தார். மாணவர்கள் கைதட்டினார்கள். இளவேனில் போன வாரம் விட்ட இடத்திலிருந்து பாடத்தை ஆரம்பித்தாள்.

வேலையைத் திரும்பக் கேட்டு இளவேனில் மனு கொடுத்தாள். அந்த வாரமே டீன் ஒரு குழுவை அமைத்தார். இளவேனிலின் ராஜினாமா உண்மையான ராஜினாமாதானா என்று ஆராய்ந்து முடிவு சொல்லவேண்டியது அதன் வேலை. தலைவர் டீன், உறுப்பினர் சஞ்சய், செயலாளர் மமதா. மனிதருக்கும் கணினிக்கும் உள்ள உறவு பற்றி அறிந்த வெளி நிபுணர் ஒருவரும் இருந்தாக வேண்டும் என்று விதி. சாரதி தேடியது. யார் பொருந்தினார் என்று சொல்லத் தேவையில்லை.

"சார், இது எப்படிச் சரியா வரும்? என் விஷயத்துல நானே நிபுணரா?" என்று இளவேனில் கேட்டாள்.

"நாங்க செக் பண்ணிட்டோம் மேடம்" என்றார் சஞ்சய். "மனு குடுத்தவங்க முன்னாள் ஊழியர். நிபுணர் கௌரவ விருந்தினர். ரெண்டும் வேற வேற ஐ.டி. சிஸ்டம்ல ரெண்டு பேருக்கும் எந்தத் தொடர்பும் இல்ல."

குழு கூடியது. முதல் கூட்டம் முழுக்க, முடிவை எந்த முறையில் எடுப்பது என்று பேசினார்கள். இரண்டாவது கூட்டத்தில், முறையைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றி டீன் தன் புத்தகத்திலிருந்து நான்காம் அத்தியாயத்தை விளக்கினார். அவர் எழுதியதை அவரே எதிர்த்து வாதாடி, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று உட்கார்ந்தார். மூன்றாவது கூட்டத்தில் விசாரணை ஆரம்பமானது.

"எக்ஸ்பர்ட் மேடம், மனுதாரரை நீங்க விசாரிக்கலாம்" என்றார் டீன்.

"சார், ரெண்டும் நான்தானே!"

"தெரியும்மா. ஆனா மினிட்ஸ்ல யார் கேட்டா, யார் சொன்னான்னு தெளிவா இருக்கணும். இந்தச் சேர்ல உக்காந்து கேளு. அப்புறம் எந்திரிச்சு அந்தச் சேர்ல போய் பதில் சொல்லு. மமதா, எழுதிக்கம்மா."

இளவேனில் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். எதிரே காலி நாற்காலி. கொஞ்சம் தயங்கி, "பொத்தான அழுத்தறதுக்கு முன்னாடி அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?" என்று கேட்டாள். எழுந்து மேசையைச் சுற்றிப்போய் எதிர்ப் பக்கம் உட்கார்ந்து, "படிச்சேன். எக்ஸிட்னு இருந்துச்சு" என்றாள். திரும்ப வந்தாள்.

"அதுக்கு என்ன அர்த்தம்னு நெனைச்சீங்க?"

மறுபடி போனாள். "வெளிய போறதுன்னு நெனைச்சேன்."

"ஒத்துக்கிட்டாங்க!" சஞ்சய் மேசையைத் தட்டினார். "வெளிய போறதுன்னு எழுதியிருந்தோம், வெளிய போறதுன்னு புரிஞ்சுக்கிட்டாங்க, வெளிய போயிட்டாங்க. இதுல எங்க சார் குழப்பம்? இதவிடத் தெளிவான டிசைன் ஏது?"

"எங்கேர்ந்து வெளியன்னு அதுல இல்லியே!" என்று மனுதாரர் கத்தினார்.

"சாட்சி சத்தம் போடக்கூடாது" என்றார் டீன் வருத்தத்தோடு. "எக்ஸ்பர்ட் மேடம், நீங்க கொஞ்சம் அவங்களக் கட்டுப்படுத்துங்க."

இளவேனில் எழுந்துபோய் நிபுணர் நாற்காலியில் உட்கார்ந்து, எதிர் நாற்காலியைப் பார்த்து, "அமைதியா இருங்க" என்றாள். நாற்காலி அமைதியாக இருந்தது. மமதா தலையைக் குனிந்து மளமளவென்று எழுதினாள். அவள் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

இப்படியே மேசையைச் சுற்றிச் சுற்றி இளவேனிலுக்கு மூச்சு வாங்கியது. நடக்க நடக்க அவளுக்கு ஒன்று விசித்திரமாகப் பட்டது. நிபுணர் நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் எதிரில் இருப்பவள்மீது அவளுக்கே லேசான எரிச்சல் வந்தது. ஒரு பொத்தானை ஒழுங்காகப் படிக்கத் தெரியாதா இந்தப் பெண்ணுக்கு என்று தோன்றியது. நாற்காலியிலேயே ஏதோ இருக்கிறது என்று பயந்து, அதன்பின் நின்றுகொண்டே கேள்வி கேட்டாள்.

குழுவின் அறிக்கை வந்தது. 'எக்ஸிட்' என்ற பொத்தான் சிலருக்குக் குழப்பம் தரலாம் என்ற நிபுணரின் கருத்தை ஏற்று, அதை அடியோடு நீக்கிவிடலாம். மனுதாரரின் வேலையைப் பொறுத்தவரை, பொத்தானே இல்லாதபோது அதைப் பற்றிப் பேசுவது பொருத்தமல்ல. நிபுணருக்குக் குழு நன்றி தெரிவிக்கிறது. மனுதாரர் விசாரணையின்போது நடந்துகொண்ட விதத்தைக் கண்டிக்கிறது.

ஆனால் மாணவர்கள் விஷயத்தில் அவளுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. வழிகாட்டி இல்லாத புராஜெக்டை ஒரு வெளித் தேர்வாளர் வந்து பார்த்துத் தேர்ச்சி கொடுத்தால் செல்லும் என்று விதிகளின் மூலையில் ஒரு வரி இருப்பதை மமதா கண்டுபிடித்தாள். வெளித் தேர்வாளரைச் சாரதிதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"வேற யாராவது வந்துடப் போறாங்க மமதா" என்றாள் இளவேனில்.

"பயப்படாதீங்க மேடம். அதுக்கு உங்கள விட்டா யாரையும் தெரியாது" என்றாள் மமதா.

அப்படியே ஆயிற்று. கிருத்திகா தன் ஆராய்ச்சியை விளக்கினாள். ஈஜிபுரா சிக்னலில் பொத்தானை அழுத்துகிறவர்களில் பெரும்பாலோர், அது வேலை செய்யவில்லை என்று தெரிந்த பிறகும் தினமும் அழுத்துகிறார்கள் என்று சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, 'அழுத்தாம சும்மா எப்படிங்க நிக்கறது' என்று ஒரு பூக்காரம்மா சொன்னாராம். கடைசிப் படத்தில், 'எங்கள் முன்னாள் வழிகாட்டிக்கு நன்றி' என்று இளவேனிலின் போட்டோ. வெளித் தேர்வாளர் குனிந்து தண்ணீர் குடித்தாள். உள்தேர்வாளரான டீனும் மதிப்பெண் போடவேண்டும். பேனாவை மூடித் திறந்து, திறந்து மூடி, "எக்ஸ்டர்னல் எவ்ளோ போடறாங்களோ அதுவே எனக்கும் சம்மதம்" என்றார். முடிவெடுக்க அஞ்சும் ஒருவரால் பதினோரு பேர் பிழைத்தார்கள்.

தேர்ச்சிப் பட்டியல் வந்த அன்று பல்கலைக்கழகத்தில் 'மனிதரை மையமாகக் கொண்ட வளாகம்' என்று ஒரு விழா. துணைவேந்தர் வெங்கடசாமி பேசினார்.

"நண்பர்களே, ஒரு காலத்தில் இந்தப் பல்கலைக்கழகத்தில் உங்களுக்கு ஒரு பிரச்சினை என்றால் என் அறைக்கு வந்து கதவைத் தட்டுவீர்கள். நான் வேலையை நிறுத்திவிட்டு உங்களோடு பேசவேண்டியிருந்தது. எவ்வளவு நேரம் வீணானது! இன்று அந்த நிலை இல்லை. மனிதரை மையத்தில் வைத்திருக்கிறோம். அவரைச் சுற்றி எல்லாப் பக்கமும் தொழில்நுட்பத்தை வைத்திருக்கிறோம். அவர் எங்கும் போக முடியாது. எக்ஸிட் பொத்தானை நீக்கிய பிறகு இந்த மாதம் ஒருவர்கூட ராஜினாமா செய்யவில்லை என்று நம் டைரக்டர் சொல்கிறார். நம் ஊழியர்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?"

ஊழியர்கள் கைதட்டினார்கள். கைதட்டல் வருகைப் பதிவில் சேரும் என்று காலையிலேயே சாரதி அறிவித்திருந்தது.

விழா முடிந்ததும் துணைவேந்தர் இளவேனிலிடம் வந்தார். நடந்ததெல்லாம் கேள்விப்பட்டதாகவும், தவறு நடந்துவிட்டது என்பதில் தனக்குச் சந்தேகமே இல்லை என்றும் சொன்னார். அவள் மனம் குதித்தது. "அதனால், நீங்கள் புதிதாக விண்ணப்பியுங்கள். நேர்முகத் தேர்வு வைக்கிறோம். வெறும் சம்பிரதாயம்தான்" என்றார்.

விண்ணப்பித்தாள். துணைவேந்தர், டீன், சஞ்சய் ஆகிய மூவர் முன்னும் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் மமதா லேப்டாப்போடு இருந்தாள். நான்கு பேரும் அவளை முன்பின் பார்த்திராதவர்கள்போல் புன்னகை செய்தார்கள். முறையென்றால் முறை.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் துணைவேந்தர்.

சொன்னாள்.

"கடைசியா வேல பாத்த எடத்த ஏன் விட்டீங்க?" என்று சஞ்சய் கேட்டார்.

"அட்டென்டன்ஸ் போட்டுட்டிருந்தேன் சார்."

சஞ்சய் குறித்துக்கொண்டார். "நாலு வருஷம் ஒரே எடத்துல இருந்துட்டு, ரெண்டே கிளிக்ல விட்டுட்டு வந்திருக்கீங்க. நிலையா இருப்பீங்கன்னு எத வச்சு நம்பறது?"

"அந்த இடத்தைப் பத்தி உன் அபிப்பிராயம் என்னம்மா? மனசு விட்டுச் சொல்லலாம், நாங்க வெளிய சொல்ல மாட்டோம்" என்றார் டீன்.

இளவேனில் பதில் சொல்லுமுன் துணைவேந்தர் கனிவோடு குறுக்கிட்டார். "கடைசிக் கேள்வி. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஏன் சேர விரும்புகிறீர்கள்?"

எல்லா நேர்முகத் தேர்விலும் கேட்கும் கேள்விதான். பதிலும் அவளிடம் தயாராக இருந்தது. முதல்நாளே கண்ணாடி முன் சொல்லிப் பார்த்திருந்தாள். சொல்லப் போனவள் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டாள். ஏன் சேர விரும்புகிறேன்? பதினோரு பேரும் பாஸாகிவிட்டார்கள். கிருத்திகா ஜூனில் வேலைக்குப் போய்விடுவாள். இத்தனை வாரம் எதற்காக அலைந்தாளோ அது முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஏன் அலைந்துகொண்டிருக்கிறோம் என்று அவள் ஒருமுறைகூடத் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. முடிவெடுப்பது பற்றி நான்கு வருடம் பாடம் நடத்தியவள், தன் வாழ்க்கையில் அதைச் செய்ய வேண்டிய இடத்துக்கு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். பயமாக இருந்தது. கூடவே, வெகுநாள் கழித்துப் பசித்தது.

"யோசிச்சுப் பாத்தேன் சார். நான் வரல" என்றாள்.

"எது வரல?" என்றார் சஞ்சய்.

"நான் சார். இந்த வேலைக்கு வரல. எனக்கு வேணாம்."

"உணர்ச்சிவசப்படாதம்மா" என்றார் டீன். தன் கண்ணெதிரில் ஒரு முடிவு எடுக்கப்படுவதை அவர் அநேகமாக முதல்முறையாகப் பார்த்தார். "தண்ணி குடி. மாற்று வழி எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதுவோம். ஒவ்வொண்ணுக்கும் மார்க் போடுவோம்."

"எழுதிப் பாக்க ஒண்ணுமில்ல சார். போயிட்டு வர்றேன்."

"மேடம், ஒரு நிமிஷம்" என்றாள் மமதா, லேப்டாப்பிலிருந்து நிமிராமல். "இதுல 'தேர்வானார்', 'தேர்வாகவில்லை'ன்னு ரெண்டுதான் இருக்கு. 'வரல'ன்னு ஒண்ணு இல்ல. எதுல போடட்டும்?"

துணைவேந்தர் யோசித்தார். ஒருவர் தெளிவான மனநிலையில் நவபிரக்ஞாவை வேண்டாம் என்று சொல்லமுடியுமா என்பது எளிதான கேள்வியல்ல, ஆராயவேண்டும் என்றார். குழு அமைக்கும்படி டீனைக் கேட்டுக்கொண்டார். டீன் முகத்தில் ரத்தம் திரும்பியது. இளவேனில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அந்தக் கதவுக்கு அட்டை தேவைப்படவில்லை.

கேன்டீனில் ஒரு மசால் தோசை சாப்பிட்டாள். பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள்.

மழைக்காலம் ஆரம்பித்தபோது அவள் சிவாஜி நகர் பக்கம் ஒரு சிறிய கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அங்கே வருகைப் பதிவு பேனாவால்தான். அதே மூன்று பாடங்கள். ஒருநாள் மத்தியானம் வகுப்புக்குக் கிளம்பும்போது மமதாவின் போன் வந்தது.

"மேடம், சன்னாகிதீரா, நல்லாருக்கீங்களா? குழுவுலேர்ந்து கேக்கச் சொன்னாங்க. அன்னிக்கு 'வரல'ன்னு சொன்னீங்கல்ல, அது அன்னிக்கு மட்டும் வரலியா, எப்பவுமே வரலியா?"

"எப்பவுமே, மமதா."

"சரி மேடம், எழுதிக்கிட்டேன். அடுத்த மீட்டிங் ஆகஸ்ட்ல. அதுவரைக்கும் உங்க பேர்ல ஒரு டேபிள் போட்டு வச்சிருக்காங்க. டீன் சார் தினமும் வந்து பாத்துட்டுப் போறாரு."

பிறகு போனில் அவள் நடந்துபோகும் சத்தம் கேட்டது. ஒரு கதவு மூடியது. மமதாவின் குரல் தாழ்ந்தது.

"மேடம், உங்க புது காலேஜுல எச்.ஆர்.ல ஏதாவது வேல காலி இருக்கா?"

"கேட்டுச் சொல்றேன்" என்றாள் இளவேனில். "நீ நிஜமாவே வர்றியா?"

"நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன் மேடம். உங்க கேள்வியையும் பதிலையும் மாத்தி மாத்தி மினிட்ஸ்ல எழுதினேன்ல, அன்னிக்கே."